வெற்று நாற்காலியை வரைந்தவர்

சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிளீக் ஹவுஸ்’ நாவலைக் கல்லூரி நாட்களில் முதன்முதலாகப் படித்தேன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய மலிவுப் பதிப்பு அது; தாள் பழுப்பேறியிருந்தது, படங்கள் மைத்தீற்றலாக இருந்தன. கதையை விரட்டிக்கொண்டு போகிற வயதில் படங்களை யார் நின்று பார்ப்பது? ஆயினும் ஒரு படம் மட்டும் என்னைத் தடுத்து நிறுத்தியது. வழக்கறிஞர் டல்கிங்ஹார்ன் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வரும் இடத்துக்கான படம் அது. ஓர் அறை, ஒரு மேசை, மேசைமேல் ஒரு குப்பியும் கோப்பையும், அணைந்துபோன இரண்டு மெழுகுவத்திகள், ஒரு வெற்று நாற்காலி, கூரையில் தீட்டப்பட்ட ஒரு ரோமானியன் கையை நீட்டிக் கீழே சுட்டிக்காட்டுகிறான். பிணம் இல்லை. கொன்றவர் இல்லை. கண்டு அலறுகிறவர்கூட இல்லை. கொலையைப் படமாக்கச் சொன்னால் நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் பிணத்தைத்தானே வரைவார்கள், இவர் ஏன் நாற்காலியை வரைந்தார் என்ற கேள்வி அப்போது எழுந்தது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகளாக இந்த ஓவியரைச் சுற்றிவந்துகொண்டிருக்கிறேன்.

அவர் பெயர் ஹேப்லட் நைட் பிரவுன். ‘ஃபிஸ்’ என்ற புனைபெயரில்தான் உலகம் அவரை அறியும். 1815 ஜூலையில் லண்டனின் லாம்பெத் பகுதியில் பிறந்தார். ஃபிண்டன் என்ற புகழ்பெற்ற செதுக்கோவியக் கூடத்தில் தொழில் பழகியவர். பிறர் வரைந்ததை நாள் முழுவதும் தகட்டில் நகலெடுக்கும் வேலையில் மனம் ஒட்டாமல் காலம் முடியும் முன்பே அங்கிருந்து வெளியேறினார். 1833-இல், ஜான் கில்பின் என்ற நகைச்சுவைப் பாடல் நாயகனின் குதிரைச் சவாரியைச் செதுக்கியதற்காகக் கலைச் சங்கத்தின் பதக்கம் கிடைத்திருந்தது. அதைத் தவிரச் சொல்லிக்கொள்ள அவரிடம் பெரிதாக ஒன்றும் இல்லை.

அவருக்கு வாய்ப்பு வந்த வழி துயரமானது. 1836-இல் மாதாந்தரப் பகுதிகளாக வெளிவரத் தொடங்கிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ முதலில் ராபர்ட் சீமோர் என்ற ஓவியரின் யோசனையில் பிறந்தது. அவருடைய வேடிக்கைப் படங்களுக்கு உரைநடை எழுதித்தர அமர்த்தப்பட்டவர்தான் இருபத்து நான்கு வயது டிக்கன்ஸ். இரண்டாம் பகுதிக்கான வேலை நடந்துகொண்டிருந்தபோது, ஏப்ரல் மாதத்தில், சீமோர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மூன்றாம் பகுதிக்கு ராபர்ட் பஸ் என்பவர் வரைந்தார். தகட்டில் அமிலம்கொண்டு பொறிக்கும் கலை அவருக்குப் புதிது என்பதால் படங்கள் தேறவில்லை. அந்த இடத்துக்கு விண்ணப்பித்தவர்களில் பின்னாளைய நாவலாசிரியர் தாக்கரேயும் ஒருவர். கையில் படங்களோடு போய் டிக்கன்ஸைப் பார்த்ததையும், அவை பொருத்தமாக இல்லை என்று அவர் நினைத்ததையும் தாக்கரே பிற்பாடு ஒரு விருந்தில் தாமே சிரித்தபடி சொன்னார். கடைசியில் இருபது வயது பிரவுன் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதலில் ‘நீமோ’, அதாவது ‘யாருமில்லை’, என்று கையெழுத்திட்டவர், டிக்கன்ஸின் ‘போஸ்’ என்ற புனைபெயரோடு ஓசை பொருந்த வேண்டும் என்று ‘ஃபிஸ்’ ஆனார்.

அவர் உள்ளே நுழைந்த நான்காம் பகுதியில்தான் சாம் வெல்லர் என்ற பாத்திரம் முதன்முதலாக வருகிறது. விடுதி முற்றத்தில் காலணிகளுக்கு மெருகேற்றிக்கொண்டிருக்கும் அந்த வேலைக்காரன் வந்த பிறகே ‘பிக்விக்’ விற்பனை பாய்ந்து ஏறியது. தொடக்கத்தில் சில நூறு பிரதிகள் விற்றது முடிவில் நாற்பதாயிரத்தைத் தொட்டது. சாமின் பேச்சு டிக்கன்ஸுடையது. ஆனால் தொப்பியை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கும் அந்தத் தோரணையை வாசகர்கள் முதலில் கண்டது ஃபிஸின் தகட்டில்.

‘முதலில்’ என்பதை இங்கே அப்படியே பொருள்கொள்ள வேண்டும். ஒரு மாதப் பகுதியின் விலை ஒரு ஷில்லிங். அதில் முப்பத்திரண்டு பக்கக் கதையும் இரண்டு படத்தகடுகளும் இருக்கும். அந்த இரண்டு படங்களும் கதைக்கு முன்பாக, அட்டையையும் விளம்பரங்களையும் அடுத்து வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். ஆகவே அந்தக் காலத்து வாசகர் ஒரு வரியைக்கூடப் படிக்கும் முன்பே அந்த மாதத்தின் இரண்டு காட்சிகளைப் பார்த்துவிடுவார். தொடர்கதைக்காக வாரம் முழுவதும் காத்திருந்து, பத்திரிகை கைக்கு வந்ததும் முதலில் படத்தைப் பார்த்து ‘ஐயோ, இவளுக்கு என்ன ஆயிற்று’ என்று பதைத்த தலைமுறையினருக்கு இதை விளக்கத் தேவையில்லை. படம் எதைச் சொல்லலாம், எதை மறைக்க வேண்டும் என்பது இதனால் மிக நுட்பமான கணக்காகிறது. இன்றைய பதிப்புகள் படத்தைக் காட்சி வரும் பக்கத்துக்கு எதிரே நகர்த்தி வைத்து, அந்தக் கணக்கை நம் கண்ணில் படாமல் செய்துவிட்டன.

வேலை நடந்த விதத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. பெரும்பாலும் அத்தியாயம் எழுதி முடியும் முன்பே டிக்கன்ஸ் இரண்டு காட்சிகளைத் தேர்ந்து கடிதத்தில் விவரித்து அனுப்புவார். சில வேளைகளில் அச்சுப்படியின் சில பக்கங்களும் கூட வரும். ஃபிஸ் பென்சிலில் வரைந்து அனுப்புவார். டிக்கன்ஸ் ஓரத்தில் திருத்தங்களை எழுதித் திருப்பியனுப்புவார். ‘நிக்கோலஸ் நிக்கல்பி’க்கான ஒரு படத்தின் ஓரத்தில், வதைபடும் சிறுவன் ஸ்மைக்கின் முகத்தில் அச்சம் போதவில்லை, பள்ளி நடத்தும் கொடியவன் ஸ்குவியர்ஸின் முகத்தில் தீவிரம் போதவில்லை என்று எழுதியிருக்கிறார். அதன் பிறகுதான் தகட்டு வேலை தொடங்கும். மொத்தமும் இரண்டு வாரத்துக்குள், சில மாதங்களில் அதற்கும் குறைவான நாட்களில், முடிந்தாக வேண்டும்.

தகட்டு வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பின்னால் வரும் கதைக்கு அது தேவைப்படும். எஃகுத் தகட்டின்மேல் மெழுகுப் பூச்சு ஒன்றைப் பரப்பி, புகையில் காட்டிக் கறுப்பாக்குவார்கள். அதன்மேல் ஊசியால் கீறி வரைந்தால் கீறிய இடத்தில் மட்டும் எஃகு வெளித்தெரியும். பிறகு தகட்டை அமிலத்தில் நனைத்தால் அந்தக் கோடுகளை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். மெல்லிதாக இருக்க வேண்டிய கோடுகளைச் சற்று நேரத்தில் வார்னிஷ் பூசி மூடிவிட்டு, கருமையாக வேண்டியவற்றை மேலும் அரிக்கவிடுவார்கள். ஃபிண்டன் கூடத்தில் உடன்பயின்ற ராபர்ட் யங் என்ற நண்பர் இந்த அமில வேலையைப் பெரும்பாலும் கவனித்துக்கொண்டார். அச்சில் படம் இடம்வலமாகத் திரும்பி விழும். ஆகவே கடைப்பெயர்ப் பலகையிலிருந்து கைகுலுக்கும் கை வரையில் எல்லாவற்றையும் தலைகீழ்க் கணக்கில் யோசித்தே கீற வேண்டும். விற்பனை பெருகப் பெருக ஒரு தகடு தேய்ந்துவிடும் என்பதால் ஒரே படத்தை இரண்டு முறை, ‘நிக்கல்பி’யில் சில படங்களை மூன்று நான்கு முறைகூட, புதிதாகச் செதுக்கினார். ஒரே நாவலின் முதற்பதிப்புப் பிரதிகள் இரண்டை அருகருகே வைத்தால் ஒன்றில் நாயின் வால் ஒரு பக்கமும் மற்றொன்றில் வேறு பக்கமும் இருப்பதன் காரணம் இதுதான். அந்த வேறுபாடுகளை எண்ணிப் பட்டியலிடுவதையே பொழுதாக்கிக்கொண்ட சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த அளவுக்குப் பொறுமை கிடையாது.

டிக்கன்ஸின் நாவல்களில் பத்துக்கு ஃபிஸ் வரைந்தார். தொடக்க ஆண்டுகளில் இருவரும் சேர்ந்தே பயணம் செய்தனர். 1838-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கடுங்குளிரில், யார்க்‌ஷயரின் மலிவு விடுதிப் பள்ளிகளை நேரில் காணப் புறப்பட்டார்கள். பெற்றோர் கைவிட்ட பிள்ளைகளைப் பட்டினி போட்டு அடைத்து வைத்திருந்த அந்த இடங்களே ‘நிக்கல்பி’யின் டூதபாய்ஸ் பள்ளியாயின. இந்தக் காலத்துப் படங்களில் ஃபிஸ் அடிப்படையில் ஒரு கேலிச்சித்திரக்காரர்தான். மூக்குகள் நீண்டிருக்கும், வயிறுகள் பருத்திருக்கும், கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு சேட்டையில் இருப்பார்கள். இவற்றை நான் ரசிக்கிறேன். ஆனால் இவற்றை மட்டுமே அவர் வரைந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன்.

மாற்றம் சுவரில் தொடங்கியது என்று சொல்லத் தோன்றுகிறது. ஃபிஸின் அறைகளில் சுவர்கள் சும்மா இருப்பதில்லை. ‘டேவிட் காப்பர்ஃபீல்டி’ல் வழிதவறிய மார்த்தா, எமிலியின் முன் மண்டியிட்டு அழும் காட்சியில், பின்சுவரில் தொங்கும் படத்தில் மகதலேனா மரியாள் இயேசுவின் காலடியில் இருக்கிறாள். டிக்கன்ஸ் அப்படியொரு படத்தைப் பற்றி எழுதவில்லை. கதை இவளை எப்படித் தீர்ப்பிடப்போகிறது என்பதை ஓவியர் தம் பொறுப்பில், மூலையில், ஓசையில்லாமல் சொல்லிவிட்டுப் போகிறார். அவசரமாகப் பக்கத்தைப் புரட்டுகிறவருக்கு இது தெரியாது. இரண்டாம் முறை பார்ப்பவருக்குத்தான் அகப்படும். இதைக் கண்டுபிடித்த பிறகு ஒவ்வொரு படத்திலும் நான் முதலில் பார்ப்பது சுவரையும் அடுப்புத்திட்டின்மேல் வைத்துள்ள பொம்மைகளையும்தான்.

டிக்கன்ஸுக்கு எல்லாப் படமும் பிடித்துவிடவில்லை. ‘டாம்பி அண்ட் சன்’ நாவலுக்கு டாம்பியின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவர் மிகக் கறாராக இருந்தார். லண்டன் வணிகர் ஒருவரைச் சாடையாகக் குறிப்பிட்டு, பிரவுன் அவரை ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது என்றார். ஃபிஸ் ஒரே தாளில் இருபத்தொன்பது டாம்பித் தலைகளை வரைந்து, வேண்டியதைத் தேர்ந்துகொள்ளட்டும் என்று அனுப்பினார். டிக்கன்ஸின் நண்பர் ஃபார்ஸ்டர் தாம் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அந்தத் தலைகளை அச்சிட்டிருக்கிறார். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறுக்கம் ஏறி இறங்கும் அந்தத் தாளைப் பார்த்தால் ஓர் எழுத்தாளர் எத்தனை வாக்கியங்களை அடித்துத் திருத்துவாரோ அதே உழைப்பு தெரிகிறது. இவ்வளவுக்குப் பிறகும் அதே நாவலில், சிறுவன் பாலும் விடுதிக்காரி பிப்சின் அம்மாளும் கணப்படுப்பின் முன் அமர்ந்திருக்கும் படத்தைக் கண்டு டிக்கன்ஸ் கொதித்துப்போனார். பால் தன் சின்னஞ்சிறு நாற்காலியில் உட்கார்ந்து அவளை அண்ணாந்து பார்க்க வேண்டும். ஃபிஸ் அவனை உயரமான நாற்காலியில் ஏற்றிவிட்டார். அந்தப் படம் புத்தகத்தில் சேராமலிருக்க மகிழ்ச்சியோடு நூறு பவுன் கொடுத்திருப்பேன் என்று டிக்கன்ஸ் ஃபார்ஸ்டருக்கு எழுதினார். எழுதியதைச் சரியாகப் படித்திருந்தால் இப்படி வரைந்திருக்க முடியாது என்பது குற்றச்சாட்டு. அதில் நியாயம் இருக்கிறது என்றாலும், வெளிநாட்டில் இருந்துகொண்டு கெடுவை நெருக்கிக் கையெழுத்துப்படியை அனுப்புகிற ஆசிரியருக்கு அந்தக் கோபம் கொஞ்சம் அதிகம்தான்.

அதே ‘டாம்பி’யில்தான், ஏறத்தாழ முடிவில், கார்க்கர் என்ற வஞ்சகன் குதிரைவண்டியில் தப்பியோடும் படத்துக்காக ஃபிஸ் ஒரு புதிய வழியைக் கையாண்டார். வரையத் தொடங்கும் முன்பே ஓர் இயந்திரத்தைக்கொண்டு மெழுகுப் பூச்சின் குறுக்கே மிக நெருக்கமான இணைகோடுகளை இழுத்துவிடுவது. பிறகு வெளிச்சம் வேண்டிய இடங்களை மூடியும் தேய்த்தும் காப்பாற்றிக்கொண்டு, இருளை அடுக்கடுக்காக அமிலத்தில் அரிக்கவிடுவது. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு போட்டு வந்தவர், இருட்டிலிருந்து வெளிச்சத்தைக் கிள்ளியெடுக்கத் தொடங்கினார். இவற்றை ‘இருட்டுத் தகடுகள்’ என்றே அழைக்கிறார்கள். ‘காப்பர்ஃபீல்டி’ல் மார்த்தா தேம்ஸ் கரையில் நிற்கும் படமும் இந்த வகைதான். ‘பிளீக் ஹவுஸ்’ வந்தபோது மொத்தம் நாற்பது படங்களில் பத்து இருட்டுத் தகடுகள்.

1852 மார்ச் முதல் 1853 செப்டம்பர் வரை வெளிவந்த அந்த நாவலே மூடுபனியிலும் சேற்றிலும் தொடங்குவது. தலைமுறை தலைமுறையாக முடியாத வழக்கொன்று மனிதர்களைத் தின்பதைச் சொல்வது. இங்கே மூக்கை நீட்டிக் கேலி செய்ய இடமில்லை என்பதை ஃபிஸ் உணர்ந்திருக்கிறார். டாம்-ஆல்-அலோன்ஸ் என்ற சேரியின் படத்தில் இடிந்து விழப்போகும் வீடுகளுக்கு முட்டுக்கட்டைகள் கொடுத்திருக்கிறது, பின்னால் தேவாலயக் கோபுரம் நிற்கிறது, தெருவில் ஒருவரும் இல்லை. செஸ்னி வோல்டு மாளிகையின் நடைமேடையிலும் ஆளில்லை. மாலை வெயில் விழும் நெடிய கூடத்திலும் ஆளில்லை. கடைசியில் கல்லறை மண்டபத்திலும் ஆளில்லை. பாத்திரங்களால் பிதுங்கி வழியும் ஒரு நாவலுக்கு, மனிதர்களை அகற்றிவிட்டு இடங்களை மட்டும் வரைந்தது துணிச்சலான செயல். மனிதர்கள் வரும் படங்களிலும் முகத்தை ஒளித்து வைக்கிறார். நோயில் முகம் வடுப்பட்டுப்போன நாயகி எஸ்தரை அதன் பிறகு பெரும்பாலும் முதுகுகாட்டியோ முக்காட்டிலோதான் பார்க்கிறோம். அவள் எப்படி ஆனாள் என்பதை டிக்கன்ஸும் கடைசிவரை தெளிவாகச் சொல்லவில்லை; எழுத்தின் அந்த மௌனத்தை ஃபிஸ் படத்திலும் காப்பாற்றினார்.

இரண்டு படங்களைச் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். முதலாவதில் தெருக்கூட்டும் சிறுவன் ஜோ, வேடமிட்டு வந்த லேடி டெட்லாக்குக்கு இடுகாட்டின் இரும்புக் கதவு வழியே துடைப்பத்தை நீட்டி ஒரு குழியைக் காட்டுகிறான். அவள் ஒருகாலத்தில் காதலித்தவன் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறான். நாவலின் கடைசிப் பகுதிகளுள் ஒன்றில் ‘காலை’ என்ற தலைப்பில் அதே இரும்புக் கதவு மறுபடியும் வருகிறது; இம்முறை இருட்டுத் தகடாக. கதவின் படியில் ஒரு பெண் விழுந்து கிடக்கிறாள். மாதப் பகுதியைக் கையில் எடுத்த வாசகர் முதலில் கண்டது இதைத்தான். முகம் பிடிபடவில்லை, உடல் கல்லோடு கல்லாகக் கிடக்கிறது. யார் என்று தெரியாமலே அவர் கதைக்குள் போக வேண்டும். அது வேறொரு ஏழைப்பெண் என்று நம்பிக்கொண்டு எஸ்தர் குனிந்து பார்த்து, தன் தாயான லேடி டெட்லாக்கின் பிணத்தைக் காணும் வரிவரை அந்தக் கறுப்பு உருவம் வாசகரின் கண்ணிலேயே நின்றுகொண்டிருக்கும்.

டல்கிங்ஹார்னின் அறைக்கு இப்போது திரும்பலாம். ‘ரோமானியனுக்கு ஒரு புதுப்பொருள்’ என்பது அந்தப் படத்தின் தலைப்பு. கூரையில் தீட்டிய ரோமானியன் வெகுகாலமாக எதையோ சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கிறான் என்று டிக்கன்ஸ் முதலிலிருந்தே விளையாட்டாகச் சொல்லி வருகிறார். எவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. கொலைக்குப் பின் அந்த விரலுக்குப் பொருள் வந்துவிடுகிறது: அது சுட்டுவது நாற்காலியையும், அதன்முன் தரையில் ஓர் உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய அளவுக்குப் படிந்த கறையையும். அதுவரை நாவல் முழுவதும் ரகசியங்களைத் தேடி அலைந்த மனிதர், எல்லோருடைய ரகசியத்தையும் பெட்டியில் பூட்டி வைத்த மனிதர், இந்தப் படத்தில் வெறும் இடமாகிவிட்டார். பிணத்தை வரைந்திருந்தால் அது ஒரு கொலைச்செய்தியாக முடிந்திருக்கும்.

இவ்வளவு உயரம் ஏறியவர் சரிந்ததும் விரைவில்தான். ‘லிட்டில் டாரிட்’ படங்களில் ஓரிரண்டைத் தவிரக் களைப்பே தெரிகிறது. 1859-இல் வந்த ‘எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’ படங்கள் மெலிந்து, பழைய பழக்கத்தில் கை ஓடியதுபோல இருக்கின்றன. பாரிஸ் மக்கள் கூட்டத்தில் கொஞ்சம் உயிர் இருக்கிறது, அவ்வளவே. அதோடு டிக்கன்ஸ் அவரை அழைப்பதை நிறுத்திக்கொண்டார். எந்த விளக்கமும் தந்ததாகத் தெரியவில்லை. ‘அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்’ நாவலுக்கு மார்கஸ் ஸ்டோன் என்ற இளைஞர் அமர்த்தப்பட்டார். சுவை மாறியிருந்தது: 1860-களின் பத்திரிகைகளில் மில்லே போன்றோர் உயிருள்ள மாதிரிகளை நிறுத்தி வரைந்து மரக்கட்டைச் செதுக்கலில் அச்சிட்ட இயல்பான உருவங்களுக்கே மதிப்பு. கற்பனையிலிருந்தே எல்லாவற்றையும் வரைந்த ஃபிஸ் ஒரே இரவில் தாத்தா காலத்து ஆளாகிவிட்டார். டிராலப்பின் ‘கேன் யூ ஃபர்கிவ் ஹர்?’ நாவலிலும் முதல் பாதியோடு அவரை நிறுத்திவிட்டு மீதியை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். தாம் நல்ல பிள்ளையாகத்தானே இருந்தோம், தகடுகளை நேரத்துக்குத்தானே கொடுத்தோம் என்று யங்குக்கு எழுதிய கடிதத்தில் ஃபிஸ் வியக்கிறார். புதுக்கை பட்டால் தம் பழைய பொம்மைகளுக்குப் புதுக்களை வரும் என்று டிக்கன்ஸ் நினைத்திருக்கலாம் என்கிறார். எழுத்தாளர், பதிப்பாளர் எல்லோரும் ஒழியட்டும், இவர்களில் யாரோடும் தொடர்பே வைத்திருக்கக்கூடாது என்று முடிக்கிறார். இருபத்து மூன்று ஆண்டு உழைப்புக்குப் பின் வந்த அந்தச் சலிப்பில் சுயஇரக்கம் இல்லாதது எனக்குப் பிடித்திருக்கிறது.

1867-இல் பக்கவாதம் போன்ற நோய் தாக்கிக் கட்டைவிரல் செயலிழந்தது. தோளிலிருந்து முழுக்கையையும் வீசி வரையக் கற்றுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். 1874-இல் மலிவான குடும்பப் பதிப்பு ஒன்றுக்காகத் தம் பழைய ‘பிக்விக்’கையே மீண்டும் வரைய வேண்டி வந்தது, அந்தப் படங்களை ஒரு முறைக்குமேல் பார்க்க என்னால் முடியவில்லை. 1878-இல் ராயல் அகாடமி ஆண்டுதோறும் ஓர் உதவித்தொகை வழங்க முன்வந்தது. 1882 ஜூலையில் பிரைட்டனை அடுத்த ஹோவில் இறந்தார்.

1859-ஐ ஒட்டிக் கிராய்டனிலிருந்து வீடு மாறும்போது டிக்கன்ஸும் மற்ற எழுத்தாளர்களும் தமக்கு எழுதிய கடிதங்களைத் தோட்டத்தில் குவித்து எரித்துவிட்டார் ஃபிஸ். அடுத்த ஆண்டே டிக்கன்ஸும் தம் வீட்டுக்குப் பின்னால் அதே காரியத்தைச் செய்தார். ஆகவே அந்த இருட்டுத் தகடுகளைப் பற்றி இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள், பிணத்தை விட்டு நாற்காலியை வரையும் யோசனை யாருடையது என்ற என் பழைய கேள்விக்கு விடை சாம்பலாகிவிட்டது. மிஞ்சியிருப்பவை ஓரக்குறிப்புள்ள சில பென்சில் படங்களும் தகடுகளிலிருந்து எடுத்த அச்சுகளும்தான்.

சென்ற ஆண்டு, முதல் மாதப் பகுதிகளிலிருந்து நல்ல தரத்தில் படியெடுத்த படங்களைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. மெல்லிய இணைகோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்தன. ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் அவை தேய்ந்து, நாற்காலியின் நிழலில் நெருங்கி, தரையில் ஓரிடத்தில் மட்டும் திட்டாக இருண்டிருந்தன. என் பழைய மலிவுப் பதிப்பை எடுத்து அதே பக்கத்தை விரித்தேன். அதில் கோடுகளெல்லாம் மையில் அடைபட்டு, தரை முழுவதும் ஒரே கறுப்பாக இருந்தது. கறையை இத்தனை ஆண்டுகளாக நான் பார்த்திருக்கவே இல்லை.